கரையான் விட்டுவைத்த பட்டச் சான்றிதழ்

எனக்கு எழுபத்திரண்டு வயது ஆகிறது. பெற்றது நாலு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது என் சின்ன மருமகள் செல்வி. தாய் இல்லாத பெண், கல்லூரி முடித்த கையோடு என் வீட்டுக்கு வந்தவள். எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும். நான் சொல்லச் சொல்ல செல்வியின் மகள், என் பேத்தி யாழினி எழுதுகிறாள். புற்றம்மனைக் கும்பிடுகிற நீங்கள் எல்லோரும் இதைக் கேட்க வேண்டும்.

என் சின்ன மகன் குமாருக்குக் கரையானுக்கு மருந்து அடிக்கிற வேலை. திருமழிசை கம்பெனிகளிலும், செம்பரம்பாக்கம் பக்கம் புதிதாகக் கட்டுகிற வீடுகளிலும் அடித்துவிட்டு வருவான். லைசென்ஸ் அவன் முதலாளி பெயரில் இருந்தது. போன வருஷம் ஆனி மாதம் முதலாளி, வயதாகிவிட்டது, கடையை மூடப்போகிறேன் என்றார். லைசென்ஸ் இல்லாமல் மருந்து வாங்கவும் முடியாது, வேலை எடுக்கவும் முடியாது. குமார் பத்தாவதோடு நின்றவன். செல்விதான் கெமிஸ்ட்ரி படித்தவள். அவள் வெளியூர் போய்ப் பதினைந்து நாள் பயிற்சி எடுத்துப் பரீட்சை எழுதித் தேறினால் அவள் பெயரில் லைசென்ஸ் கிடைக்கும். பையில் கிடந்த பழைய ஜெராக்ஸை வைத்து மனுப் போட்டாள். இடம் கிடைத்தது. திங்கட்கிழமை ஒரிஜினல் பட்டச் சான்றிதழோடு வரச் சொன்னார்கள்.

வியாழக்கிழமை காலையில் சுவர் அலமாரியைத் திறந்தோம். உள்ளே மண். அவளுடைய ஃபைல் மண்கட்டியாக நின்றது. மேலே இருந்த மார்க் ஷீட்டைத் தொட்டாள், தூளாக உதிர்ந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தப்பு என்னுடையது. கரையான்தானே அம்மனுக்குப் புற்று கட்டுகிறது? அதனால் ஊரெல்லாம் மருந்து அடித்தாலும் நம் வீட்டில் அடிக்கக் கூடாது என்று குமாரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். செவ்வாய்தோறும் புற்றுக்கு மஞ்சள் தூவி, அவன் செய்கிற வேலைக்கு மன்னிப்பும் கேட்டு வந்தேன். அன்றைக்கு அவன் என்னைப் பார்த்துச் சொன்னான்: "ஊர் ஊட்டையெல்லாம் காப்பாத்திக்கினு வரேன். நம்ம ஊட்டை உன் பேச்சைக் கேட்டு உட்டுட்டேன்மா." மண்கட்டியை அள்ளிக் கொல்லையில் வேப்பமரத்தடியில் போட்டான். பிரித்துப் பார்க்க யாருக்கும் மனசு வரவில்லை. செல்வி என்னைத் திட்டாமல், அலமாரியில் மிச்சமிருந்த மண்ணைக் கூட்டி அள்ளினாள். திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

மறுநாள் வெள்ளி. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மேனாம்பேட்டில் எங்கள் தெருமுனைப் புற்றுக்குப் போனேன். கும்பிடப் போகவில்லை, சண்டைக்குப் போனேன். "உன் கரையானுக்கு இருபது வருஷமா என் ஊட்டை உட்டுவெச்சேனே. தாயில்லாப் பொண்ணு படிப்பையா துன்ன? நீயே வழி காட்டு. காட்டாம நான் எழுந்துக்க மாட்டேன்." உச்சி வெயில் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

புற்றில் சாய்த்து வைத்திருந்த அம்மன் படத்தின் மேல் புற்று மண் ஏறி மூடியிருந்தது. முகம் தெரியவில்லையே என்று முந்தானையால் துடைத்தேன். மண் பொலபொலவென்று விழுந்தது. உள்ளே அம்மா முகம் குங்குமத்தோடு பளிச்சென்று இருந்தது. பிளாஸ்டிக் போட்ட படம்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் செல்வியின் பட்டம் தபாலில் வந்தபோது, எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்கிற பெருமையில், அவளுக்குத் தெரியாமல் அம்பத்தூர் கடைக்கு எடுத்துப் போய் லேமினேஷன் போட்டேன். போட்டு முடித்த பிறகு கடைக்காரர், "இன்னா ஆயா, ஒரிஜினலுக்கா போடச் சொன்ன? லேமினேஷன் போட்டா ஆபீஸ்ல எடுத்துக்க மாட்டாங்களே. சொல்லியிருந்தா நான் போட்டிருக்க மாட்டேனே" என்றார். பயந்துபோய் யாரிடமும் சொல்லாமல் ஃபைலின் அடியில் சொருகிவிட்டேன். நானே மறந்தும் போனேன்.

எழுந்து ஓடினேன். இந்த வயதில் ஓடினேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மண்கட்டியை இரண்டு கையாலும் உடைத்தேன். மேலே எல்லாம் தூள். அடியில் பளபளவென்று ஒன்று. ஒரு மூலையை மட்டும் கரையான் கொறித்திருந்தது. பெயர் இருந்தது, முத்திரை இருந்தது. செல்வி ஓடிவந்து, அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எப்ப அத்த போட்டீங்க?" என்றாள். சொன்னேன். அழுகையும் சிரிப்புமாக என் மண் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை பயிற்சிக்குப் போன இடத்தில் அதிகாரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாராம். மூலை எங்கே என்று கேட்டாராம். "கரையான் சார், அதுக்குத்தான் படிக்க வந்திருக்கேன்" என்றாளாம் என் மருமகள். சிரித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். பதினைந்து நாளும் சமையலும் பிள்ளைகளும் என் பொறுப்பு. பரீட்சையில் தேறினாள். தை பிறந்து லைசென்ஸ் கைக்கு வந்தது. அவள் பெயரில். கண்ணாடிச் சட்டம் போட்டு, நாங்களே புதிதாகத் திறந்த கடையில் மாட்டியிருக்கிறோம். "அத்த, இத மட்டும் எங்கியும் தூக்கிக்கினு பூடாதீங்க" என்று இன்றைக்கும் கிண்டல் செய்கிறாள்.

லைசென்ஸ் வந்த வாரமே புற்றடியில் பூக் கட்டிக் கேட்டேன். வெள்ளை வந்தால் மருந்து வேண்டாம், சிவப்பு வந்தால் அடிக்கலாம். சிவப்பு வந்தது. செல்வி எடுத்த முதல் வேலை எங்கள் வீடுதான். புற்று அம்மாவுக்கு, வீடு பிள்ளைகளுக்கு. இது புரிய எனக்கு இத்தனை வயதாயிற்று. என் பிடிவாதத்தையும் அம்மன் மன்னித்தாள், நான் ஒளித்த தப்பையே உதவியாகத் திருப்பிக் கொடுத்தாள்.

உங்களுக்கும் கஷ்டம் இருந்தால் புற்றடிக்கு வாருங்கள். நல்ல வார்த்தை வராவிட்டால் சண்டையாவது போடுங்கள். அம்மா கேட்பாள்.

யாழினி, எழுதினதை முதலிலிருந்து படி கண்ணு. அம்மனோட சண்டை போட்ட இடத்தை விட்டுவிடாதே. உங்கம்மாவையும் கூப்பிடு, அவளும் உட்கார்ந்து கேட்கட்டும்.