ஆண்கள் பக்கம் ஒரு பாட்டு, பெண்கள் பக்கம் ஒரு பாட்டு

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் சபையில் ஞாயிறுதோறும் பாட்டு வரிகளைத் திரையில் காட்டுவது என் ஊழியம். நான் பாடாமல் இருப்பதற்காக அவர்களாகப் பார்த்துக் கொடுத்த பதவி. என் லேப்டாப் திறந்து முடிவதற்குள் முதல் பாட்டு முடிந்துவிடும்.

“அண்ணா, லேப்டாப்புக்கு வயசாயிடுச்சு. புதுசு வாங்கி யூத் பசங்ககிட்ட குடுத்துடலாம்” என்றார் செயலாளர். மறைமலை நகரில் கார் கம்பெனி வேலை. எதையும் எந்த வருஷத்து மாடல் என்றுதான் பார்ப்பார்.

“எனக்கும்தான் வயசாச்சு.”

“அதையும் சேர்த்துதான்ணா சொல்றேன்.”

விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். ஒருநாள் லீவு போட்டு, பழைய லேப்டாப்பிலும் வேகமாக ஓடும் லினக்ஸை ஏற்றி, அதன்மேல் இருப்பதிலேயே ஒல்லியான விண்டோ மேனேஜரை வைத்தேன். திரையில் எந்தச் சன்னல் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லும் மேஸ்திரி அது. ஐகான் இல்லை, மெனு இல்லை, படம் இல்லை. எந்த விசைக்கு என்ன வேலை என்று நாமே ஒரு கோப்பில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு அடைப்புக்குறியை விட்டுவிட்டு, வெளியேறக்கூட விசை இல்லாமல் அரைநாள் உள்ளேயே கிடந்தேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “ஆஃப் ஆயிடுச்சா?”

“இல்ல. இதான் டெஸ்க்டாப்.”

“இந்தக் கறுப்புக்கா லீவு போட்டீங்க?”

இரண்டாவது சன்னல் வந்தால் மேஸ்திரி திரையைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்துவிடும். சொத்துத் தகராறே கிடையாது. எனக்கு அது பிடித்திருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

ஞாயிறன்று கண் இமைப்பதற்குள் லேப்டாப் திறந்தது. செயலாளரைத் திரும்பிப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. காணிக்கைப் பாட்டைக் கடைசி நேரத்தில் மாற்றிவிட்டதாகப் பாடகர் குழுவிலிருந்து சைகை வந்தது. பழைய பாட்டை மூடாமல் புதியதைத் திறந்தேன். திரை இரண்டானது. எங்கள் சபையில் ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம். அவரவர் பங்கை அவரவர் பாடினார்கள். இரண்டும் ஒரே மெட்டில் அடங்கும் பாட்டுகள் என்பதால், இரண்டாம் சரணம்வரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி மட்டும் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பாடினாள்.

“போதும்ணா. அடுத்த வாரம் புதுசு வந்துடும்” என்றார் செயலாளர்.

“வரட்டும். நானும் வருவேன்.”

புதிய சன்னல் எது வந்தாலும் முழுத்திரையில் வரட்டும் என்று அன்றே அந்தக் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் புது லேப்டாப்போடு வந்தபோது, புரொஜக்டர் கேபிள் ஏற்கெனவே என்னுடையதில் இருந்தது.

“ஒண்ணுமே தெரியலையேண்ணா?” என்றார், கறுப்பாகக் கிடந்த திரையைப் பார்த்து.

ஒரு விசையைத் தட்டினேன். முதல் பாட்டு திரை முழுக்க வந்தது. இன்னொன்று, இரண்டாம் பாட்டு, அதுவும் முழுதாக.  அவர் தன் பையின் ஜிப்பைத் திரும்ப மூடிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

திரையைப் பிரிக்கும் ஏற்பாட்டை மட்டும் நான் நீக்கவில்லை. வேறொரு விசையில் வைத்திருக்கிறேன். எந்த விசை என்று அவருக்குத் தெரியாது. அப்படி ஒன்று இருப்பது மட்டும் தெரியும்.