கணக்குக்குள் நின்ற ஆள்

சம்லீக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். பேங்காக்கில் அவள் வேலை பார்த்த அலுவலகத்தில் எல்லாருக்கும் அது தெரியும். ஒரு பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ கடைக்கு வருமுன், அது மனிதனை என்ன செய்யும், மண்ணையும் தண்ணீரையும் என்ன செய்யும் என்று ஆராய்ந்து சொல்வது அந்த அலுவலகத்தின் பொறுப்பு. சம்லீயின் பங்கு மனித உடம்பு. தெளிக்கிறவர் மேல் மருந்து எவ்வளவு படும், பட்டதில் எவ்வளவு உள்ளே இறங்கும், அதை உடம்பு தாங்குமா என்று கணக்கிடுவாள்.

அவள் பிறந்தது கம்போடிய எல்லையோரச் சிசகேட் பக்கம், மிளகாய்த் தோட்டங்களுக்கு நடுவில். அக்கா புன்மா இன்னும் அங்கேதான் கூலிக்கு மருந்து தெளிக்கிறாள்.

மிளகாயில் விழும் இலைப்பேனுக்கென்று புது மருந்து ஒன்று அனுமதிக்கு வந்தது. ஆபத்தில்லை என்றது அதைத் தயாரித்த கம்பெனி கொடுத்த கணக்கு. சம்லீ அதைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். கூட்டலில் பிழையில்லை. ஆனால் அந்தக் கணக்குக்குள் நின்ற ஆள் தலை முதல் கால் வரை மூடிய உடுப்பும், முகமூடியும், ரப்பர் கையுறையும், பூட்ஸும் அணிந்திருந்தான். அவற்றைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், உள்ளே இறங்கும் மருந்து உடம்பு தாங்கக்கூடிய அளவைப் பல மடங்கு தாண்டியது.

தாள்களை எடுத்துக்கொண்டு இயக்குநர் தாவோனின் அறைக்குப் போனாள்.

"சார், இந்த ஆள நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"எந்த ஆள?"

"இந்தக் கணக்குல இருக்கிறவன. எங்க ஊர்ல ஒருத்தன் கூட இப்படி இல்ல. இந்த உடுப்பு எந்தக் கடையிலயும் கிடைக்காது."

தாவோன் சிரித்தார். "லேபிள்ல படம் போடச் சொல்றோம்ல? பாத்தும் மாட்டிக்கலைன்னா அது அவங்க தலையெழுத்தும்மா."

"எங்க அக்காவுக்கு மூக்குல ரத்தம் வருது சார். தம்ளரப் புடிச்சா கை ஆடுது. இதுவும் தலையெழுத்தா?"

"சொந்தக் கதைய ஆபீஸுக்குள்ள கொண்டு வராத."

காது சிவந்துவிட்டது. "அப்ப ஆபீஸ அங்க கூட்டிட்டுப் போறேன். அனுமதி குடுக்கிற குழு வந்து கண்ணால பாக்கட்டும். உடுப்பையும் கம்பெனியே கொண்டு வரட்டும்."

முடியாது என்றார். அவள் விடவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று அதையே கேட்டாள். தொல்லை தாங்காமல் கடைசியில் சம்மதித்தார்.

சோங்க்ரான் புத்தாண்டுப் பண்டிகை முடிந்து வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரம். புன்மா வழக்கமாகத் தெளிக்கும் தோட்டத்தில் குழுவினர் குடை பிடித்து நின்றார்கள். மருந்துக்குப் பதிலாக வெறும் தண்ணீர். அதில் பலகாரத்துக்குப் போடும் சிவப்புச் சாயத்தைச் சம்லீ கலந்தாள். கம்பெனியின் நிபுணர் டாக்டர் விட்டூன் பளபளக்கும் வெள்ளை உடுப்போடு வந்திருந்தார். இளைஞர், நல்ல உடற்கட்டு.

"நீங்களே மாட்டிக்கிட்டு அடிச்சுக் காட்டுங்க டாக்டர்," என்றாள் சம்லீ.

அவர் சந்தோஷமாகவே தெளிப்பான் தொட்டியை முதுகில் ஏற்றினார். முதல் பாத்தி நன்றாகத்தான் போயிற்று. அடுத்ததில் கண்ணாடி மங்கி, செடி எது வரப்பு எது என்று தெரியாமல் தடுமாறினார். பிறகு முழங்காலில் விழுந்து, முகமூடியைப் பிய்த்தெறிந்து வாந்தி எடுத்தார். புன்மா ஓடிப்போய் அவரைப் புளியமரத்தடிக்கு இழுத்து வந்து தலையில் தண்ணீர் ஊற்றினாள்.

"அடப்பாவமே! தம்பி, இத மாட்டிக்கிட்டு வெயில்ல நிக்கச் சொன்னது எந்தப் பாவி?"

வேடிக்கை பார்த்த கூலிப்பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். சம்லீ சிரிக்கவில்லை.

அடுத்து புன்மா. பழைய முழுக்கைச் சட்டை, முகத்தைச் சுற்றி ஒரு துணி, காலில் ரப்பர் செருப்பு. பேசிக்கொண்டே தெளித்து முடித்தாள். தொட்டியை இறக்கியபோது மூடியில் கசிந்த சிவப்பு முதுகில் வழிந்து இடுப்புக்குக் கீழே வரை நனைத்திருந்தது. வாயை மூடிய துணி சிவப்பு. கால்விரல் இடுக்கெல்லாம் சிவப்பு. அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. பசி. வாய்க்காலில் கையை அலசிவிட்டு, மூங்கில் கூடையைத் திறந்து ஒட்டரிசிச் சோற்றைக் கிள்ளி உருட்டினாள். உருண்டை சிவந்தது.

புன்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏ சம்லீ, கை கழுவினேனேடி."

"கழுவினக்கா."

"அப்ப இத்தன வருஷமா இதத்தான் தின்னேனா?"

சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் கிட்ட வந்து அந்த உருண்டையைப் பார்த்தார்கள். ஒருத்தி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

தாவோன் குடைக்கடியிலிருந்தே சொன்னார். "சோப்புப் போட்டுக் கழுவணும். லேபிள்ல ஒரு வரி சேத்துடலாம்."

"முதுகுல இறங்கினத எந்த சோப்பு சார் கழுவும்?" சம்லீ கத்தினாள். "நீங்க வரி வரியாச் சேத்துக்கிட்டே இருங்க, இவங்க ஒவ்வொருத்தரா சாகட்டும். விஷத்த மாத்தச் சொல்ல மாட்டீங்க, மனுஷன மாத்தச் சொல்லுவீங்க!"

குழு மீண்டும் கூடிய அன்று, விட்டூனாவது உண்மையைச் சொல்வார் என்று நம்பினாள். அவர் எழுந்து, பயிற்சி பெற்றவர்கள் காலை வேளையில் உரிய உடுப்புடன் தெளித்தால் ஆபத்தில்லை என்று படித்துவிட்டு உட்கார்ந்தார். அவள் பக்கமே திரும்பவில்லை. மருந்துக்கு அனுமதி கிடைத்தது. சம்லீ கையெழுத்துப் போட மறுத்தாள்.

தாழ்வாரத்தில் அவரை மறித்தாள். "அன்னைக்கு வாந்தி எடுத்தது யாரு டாக்டர்?"

"எனக்கும் குடும்பம் இருக்குக்கா."

"உன் தலையில தண்ணி ஊத்தினாளே, அவளுக்குக் குடும்பம் இல்லையாடா?"

அவர் படியிறங்கிப் போனார். சில வாரங்களில் சம்லீயை இறால் குட்டைத் தண்ணீரைச் சோதிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

ஆனால் ஊரில் வேறொன்று நடந்தது. புன்மா தொட்டியைத் தூக்க மாட்டேன் என்றாள். அன்று அந்தச் சோற்றைப் பார்த்த பெண்களும் ஒவ்வொருவராக மறுத்தார்கள். தோட்டக்காரர்கள் திட்டிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். பிறகு எல்லைக்கு அப்பால் கம்போடியாவிலிருந்து கூலியாட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். புன்மாவின் கணவன் வீட்டில் கம்போடியர்களின் கெமர் மொழிதான் பேச்சு. அவளுக்கும் அது நன்றாக வரும். அந்த ஆட்களிடம் போய், ஒருவனுடைய தொட்டியில் தண்ணீர் ஊற்றிச் சாயம் கலந்து தெளிக்கச் சொன்னாள். அவன் தன் உடம்பைப் பார்த்துவிட்டு மறுநாளே ஊர் திரும்பினான். அவனோடு இன்னும் சிலரும் போனார்கள்.

புன்மா போன் செய்தாள். "தோட்டக்காரன் என் மேல போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டான்டி."

"என்னன்னு?"

"தண்ணில சாயம் கலந்தேனாம்! ஆளுங்க உடம்புக்குக் கேடாம்!"

சம்லீ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறினாள். காவல் நிலையத்தில் அக்காவை விசாரித்துக்கொண்டிருந்த எழுத்தர் எதிரில் ஒரு கையில் பலகாரச் சாயப் பொட்டலத்தையும் மறு கையில் அந்த மருந்துப் புட்டியையும் வைத்து, "இதுல எதக் குடிக்கிறீங்க?" என்று கேட்டாள். அவர் இரண்டையும் தள்ளி வைத்துவிட்டு, அக்காவைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

அக்காளும் தங்கையும் வெளியே வந்தபோது, தோட்டக்காரனின் லாரி இன்னும் சில ஆட்களை ஏற்றிக்கொண்டு அவர்களைக் கடந்து போயிற்று. "ஏறுடி," என்று புன்மா மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினாள். சாயப் பொட்டலத்தோடு இருவரும் அந்த லாரியின் பின்னாலேயே போனார்கள்.