மௌனத்தில் வைத்த ஒப்பாரி

காலை பதினோரு மணிக்குச் சங்கு ஊதியது. பக்கத்துப் பள்ளியில் பிள்ளைகள் நாட்டுக்காக உயிர்விட்டவர்களை நினைத்து மௌனமாக நின்றார்கள். மரக்காணத்தில் நான் இரண்டாம் வகுப்புப் படித்தபோதும் இப்படித்தான் நிற்க வைத்தார்கள். செத்தவர்களுக்காக என்று வாத்தியார் சொன்னதும், எங்கள் தெருப் பெண்களைப் போல மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தேன்.

"வாய மூடு. வெளிய போ," என்றார் வாத்தியார்.

சேதி கேட்டு அம்மா உப்பளத்திலிருந்து வந்தாள். காலெல்லாம் உப்புப் பூத்திருந்தது.

"சாவுக்கு அழுவாம மரமாட்டம் நிக்கறதா சார் மரியாதை?"

"பள்ளிக்கூடத்துல இதான்மா சட்டம்."

"அப்ப எம்பொண்ண நான் இட்டுக்கினு போறேன்."

அன்றோடு என் படிப்பு முடிந்தது. மறுநாளே உப்பு வாரப் போனேன். அம்மாமேல் எனக்கு வருத்தமில்லை. பள்ளிகள் பிள்ளைகளைக் கட்டாயம் நிற்க வைக்கட்டும். அழுகிற பிள்ளையை மட்டும் வெளியே அனுப்ப வேண்டாம்.