காகிதம், பழுப்பு மை

வெல்டருக்கு வாய் அதிகம் கிடையாது. முகமூடி போட்டிருந்தாலும் கழற்றினாலும் அவருக்கு ஒரே முகம்தான் என்று மனைவி சொல்வாள். இரும்பு கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்து பிழைத்துக்கொண்டிருந்த மனிதர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் சிற்பியம்மா ஒரு காகிதச் சுருளோடு அவர் பட்டறைக்குள் நுழைந்தார். கல்லையோ களிமண்ணையோ தொடாத சிற்பி. அவர் வரைவதோடு சரி. இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைப்பது வெல்டர்.

அந்தப் படங்களில் முதலில் தலை எது, கால் எது என்றே அவருக்குப் பிடிபடவில்லை. பழுப்பு மையில் நாலு கோடு. பிறகு புரிந்தது: இரட்டைக் கோடு என்றால் வளைவு, பெருக்கல் குறி என்றால் பற்றவைப்பு, வட்டம் என்றால் ஓட்டை. காகிதத்தில் இருப்பதைச் சாக்பீஸால் தகட்டில் பெரிதாகப் போட்டுக்கொள்வார். கோடு நடுங்கியிருந்தால் அந்த நடுக்கத்தையும் போடுவார்.

முதல் சிலை முடிந்ததும் சிற்பியம்மா சொன்னார்: "மத்தவங்க இங்க கொஞ்சம் அழகு பண்ணட்டுமான்னு கேப்பாங்க. நீங்க உங்க சரக்கு எதையும் சேர்க்க மாட்டீங்க. அதான் உங்ககிட்ட வர்றேன்."

வெல்டர் இதை வீட்டில் போய் அப்படியே சொன்னார். கல்யாணமானதிலிருந்து அவர் சொன்ன நீளமான சேதி அதுதான்.

இரண்டாவது சிலை, உட்கார்ந்திருக்கும் பெண். படத்தில் நெஞ்சுக்குக் கீழே ஒரு வட்டம் இருந்தது. வெல்டர் அளவெடுத்து, கேஸ் கட்டரால் வெட்டி, விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கினார். சிற்பியம்மா வந்தார். சிலையைச் சுற்றிவந்து பார்த்தார். ஓட்டை வழியாகவும் ஒருமுறை பார்த்தார். "ம்" என்றார். லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது.

அன்று சாயங்காலம் மேசையை ஒழித்துக்கொண்டிருந்த வெல்டர், ஏதோ நினைவில் டீ டம்ளரை அந்தப் படத்தின் மேல் வைத்தார். டம்ளரின் அடி வட்டத்தோடு கச்சிதமாகப் பொருந்தியது. மையும் பழுப்பு, டீயும் பழுப்பு.

படம் வழக்கம்போல் சிற்பியம்மாவிடம் திரும்பிப் போனது; சிலை ரயில் நிலைய வாசலில் நின்றது. "ஓட்டையம்மா பக்கத்துல நில்லு, வந்துடறேன்" என்று ஜனங்கள் போனில் சொல்லிக்கொண்டார்கள். அந்த ஓட்டை பெண்ணின் பேசாத சொல் என்று பத்திரிகையில் ஒருவர் எழுதினார். அதைப் படித்த வெல்டர் பத்திரிகையை மடித்துத் தகடுகளுக்கு அடியில் செருகினார். அதன்பிறகு அவர் பட்டறைக்குள் டீ குடித்ததே இல்லை. மழை பெய்தாலும் தெருவோரம் நின்றுதான்.

இந்த வருஷம் சிற்பியம்மாவின் படங்களை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி. அழைப்பு வந்தது.

"நான் போகலை" என்றார் வெல்டர்.

"ஏன், போட்டுக்க சட்டை இல்லையா?" என்றாள் மனைவி.

வேறு வழியில்லாமல் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"இதையா இத்தனை வருஷமா முழுங்கி வச்சிருந்தீங்க? நான் வேற என்னமோன்னு பயந்துக்கிட்டிருந்தேன்!"

"வேற என்ன?"

"அதை விடுங்க."

"சரக்கு சேர்க்க மாட்டேன்னு நம்பி வந்த மனுஷி. நான் வயித்துல ஓட்டை போட்டு அனுப்பிட்டேன். கண்ணாடி போட்டு மாட்டினா டீக்கறைன்னு குழந்தைக்குக்கூடத் தெரியும். அதுக்கப்புறம் அந்தம்மா நம்ம பட்டறைப் பக்கம் வருமா?"

"வராட்டி கேட் பண்ணுங்க. கிளம்புங்க."

மண்டபத்தில் பதினேழாவது படமாக அது இருந்தது. வெல்டர் பதினாறாவதோடு நின்றுவிட்டார். மனைவிதான் கிட்டே போய்க் கீழே ஒட்டியிருந்த சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"உட்கார்ந்திருக்கும் பெண். காகிதம், பழுப்பு மை, தேநீர்."

வெல்டர் வாசல் பக்கம் நழுவப் பார்த்தார். திரும்பினால் பின்னாலேயே சிற்பியம்மா நிற்கிறார்.

"டீயை டீன்னுதானே எழுதணும்" என்றார் சிற்பியம்மா.

"எப்பம்மா தெரியும்?"

"சிலையைப் பார்த்த அன்னிக்கே. நான் வரைஞ்சப்ப அங்க வயிறு இருந்துது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அடைச்சிருப்பீங்க. இருந்த இடமே தெரியாம அடைச்சிருப்பீங்க."

வெல்டர் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "நான் சரக்கு சேர்க்க மாட்டேன்னு சொன்னீங்களேம்மா…"

"சேர்க்கலையே. காகிதத்துல இருந்ததைத்தானே வெட்டினீங்க?"

"அந்த டம்ளர் இன்னும் எங்க வீட்லதான் இருக்கு" என்றாள் மனைவி. "வேணும்னா கொண்டாந்து பக்கத்துல வைக்கட்டா?"

மறுநாள் காலை சிற்பியம்மா புதுச் சுருளோடு பட்டறைக்கு வந்தார். வெல்டர் தெருவோரம் நின்று டீயை முடித்து, டம்ளரை அங்கேயே வைத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். படத்தில் மூன்று வட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் விரலால் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"இதெல்லாம்…?"

"மை" என்றார் சிற்பியம்மா.

வெல்டர் சாக்பீஸை எடுத்தார்.