ஞாயிற்றுக்கிழமை விசில்

அந்த மைதானத்தில் அவருக்கு விசில்காரர் என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது, யாரும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு விரலை நாக்குக்கு அடியில் வைத்து ஊதினாரென்றால் பக்கத்துத் தெருவில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து நிற்கும். வேலையில் பழகியது அது. லிஃப்ட் மெக்கானிக். அவர் உச்சி மாடியில் இருப்பார், கூட்டாளி அடியில் இருப்பார். லிஃப்ட் ஓடும் குழிக்குள் போன் எடுக்காது, கத்தினால் பாதிச் சொல் எதிரொலியில் குழம்பிப் போகும். அதனால் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் ஏற்று. இருபது வருஷத்தில் இருவருக்கும் ஒரு நகம் நசுங்கியதில்லை. அதில் மனுஷனுக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான். இருந்துவிட்டுப் போகட்டும், பீற்றிக்கொள்ள அவரிடம் வேறென்ன இருந்தது?

ஒன்று இருந்தது. பதினொரு வயது மகள்.

மனைவியும் அவரும் பிரிந்து நாலு வருஷம் ஆகிறது. மகள் அம்மாவிடம் வளர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும், காலை ஏழு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை, அவள் இவருடையவள். மற்ற ஆறு நாளும் ஒற்றை அறையில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். நாற்காலி இரண்டு உண்டு. ஒன்றில் எப்போதும் துவைத்த துணி கிடக்கும். ஞாயிறு காலை மட்டும் அந்தத் துணி கட்டிலுக்கு இடம் மாறும்.

கால்பந்து கிளப்பில் அவளைச் சேர்த்தது அவர்தான். ஞாயிறு தோறும் மேட்ச். பெற்றோர் நிற்பதற்கென்று ஓரமாகக் கயிறு கட்டியிருப்பார்கள். முதல் வருஷம் எல்லா அப்பா அம்மாவையும்போல அவரும் கத்தித்தான் பார்த்தார். பத்துப் பேர் கத்தும்போது யார் குரல் கேட்கும்? யோசித்தார் மனுஷன். அடுத்த மேட்சிலிருந்து ஒரு விசில் என்றால் அடி, இரண்டு என்றால் தள்ளிவிடு, மூன்று என்றால் பின்னால் வா. மகள் கெட்டிக்காரி, ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டாள். கோல் விழுந்தது. ஒன்றா இரண்டா? பக்கத்தில் நின்ற பல் டாக்டர், எனக்கும் சொல்லிக்கொடுங்களேன் என்று விரலை வாயில் விட்டுப் பார்த்துக் காற்றுத்தான் ஊதினார். நம்மவருக்குத் தரையில் கால் பாவவில்லை. கிளப்பின் மேல் அணியில் மகளை எடுத்துவிடுவார்கள், அப்புறம் எங்கேயோ போய்விடுவாள் என்று தன் வேனில் மகளோடு திரும்பும்போதெல்லாம் அதே பேச்சு.

அந்தச் சமயத்தில்தான் கோச் அவரைப் பந்துகள் அடுக்கியிருந்த அறைக்குக் கூப்பிட்டாள். சின்ன வயதுப் பெண், சிரிப்பு குறைவு. ஆறு வாரத்தில் மேல் அணிக்குத் தேர்வு என்று சொல்லிவிட்டு, போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். பந்து மகளின் காலுக்கு வருகிறது. அவள் மைதானத்தைப் பார்க்கவில்லை, கயிற்றுப் பக்கம் திரும்புகிறாள். அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும் அப்படியே.

"பந்து அவ கால்ல இருக்கு சார், மூளை உங்க வாய்ல இருக்கு," என்றாள் கோச். "தேர்வு முடியிற வரைக்கும் கயித்துக்கிட்ட வராதீங்க. அவ கண்ணுல படவே படாதீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. பெற்றவனுக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டாள் என்று நினைத்தார்.

"எனக்கு இருக்கிறதே ஞாயித்துக்கிழமை ஒண்ணுதாம்மா," என்றார்.

கோச் வீடியோவை அணைத்துவிட்டுக் கீழே உருண்ட ஒரு பந்தை எடுத்து மேலே வைத்தாள்.

அடுத்த ஞாயிறு மகளை வாசலில் இறக்கிவிட்டு, மதிலுக்கு வெளியே வேனிலேயே உட்கார்ந்துகொண்டார். சத்தம் மட்டும் வந்தது. யார் கோல், எந்தப் பக்கம், ஒன்றும் தெரியாது. மனுஷன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முடிந்ததும் மகள் அழுத முகத்தோடு வந்தாள். பந்து கிடைத்த போதெல்லாம் அப்படியே நின்றாளாம், பிடுங்கிக்கொண்டு போனார்களாம்.

"ஏம்ப்பா ஊதல?" என்று கேட்டாள்.

கோச் சொன்னதைச் சொன்னார். இரண்டாம் வாரமும் அதே அழுகை. மூன்றாம் வாரம் அழவில்லை, பசிக்கிறது என்றாள். நாலாம் வாரம் வேனில் ஏறியதிலிருந்து வாய் மூடாமல் பேசிக்கொண்டே வந்தாள். அவர் பார்க்காத ஆட்டத்தை முதல் நிமிஷத்திலிருந்து ஒப்பித்தாள். அவர் ம் கொட்டிக்கொண்டே ஓட்டினார். சந்தோஷம்தான். வயிற்றெரிச்சலும்தான். இரண்டும் ஒன்றாக வரும் என்று அதற்கு முன் அவருக்குத் தெரியாது.

தேர்வு நாளன்று அவரால் வேனில் உட்கார முடியவில்லை. இறங்கிப் போய்ப் பின்பக்கக் கம்பிக் கேட்டில் முகத்தை வைத்தார். ஆட்டம் முடியப் போகும் நேரம். பந்து மகளிடம் வந்தது. எதிரே கோல் வாய் திறந்து கிடப்பதுபோல் அவருக்குத் தெரிந்தது. அவள் நின்றாள். ஒரு கணம் அந்தத் தலை, பழக்க தோஷம், கயிற்றுப் பக்கம் திரும்பியது. அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் பல் டாக்டர் நின்றிருந்தார்.

விசில்காரரின் விரல் இரண்டும் வாய்க்குள் போய்விட்டன. ஒரே ஒரு ஊதல். அடி. அவ்வளவுதான் வேண்டியது. பல் விரலில் பதிந்தது, மூச்சை அடக்கிக்கொண்டார்.

மகள் திரும்பி மைதானத்தைப் பார்த்தாள். அடிக்கவில்லை. இடப்பக்கம், இவர் கவனிக்கவே கவனிக்காத ஒரு பெண்ணுக்குத் தள்ளிவிட்டாள். அந்தப் பெண் அடிக்க, பந்து வலைக்குள் போனது. இவர் ஊதியிருந்தால் அது குறுக்கே பாய்ந்து வந்திருந்த கோல்கீப்பர் மேல் போய் மோதியிருக்கும். அது அவருக்கு நன்றாகவே தெரிந்தது. இத்தனை நாள் இவர் ஊதியதில் எத்தனை அப்படிப் போயிருக்குமோ!

அவளை எடுத்துவிட்டார்கள்.

வேனில் ஏறியதும் மகள், பெற்றோர் சம்மதம் கேட்டு போன வாரமே கிளப்பில் கொடுத்திருந்த ஒரு தாளை நீட்டினாள். மேல் அணிக்கு எல்லா மேட்சும் வெளியூரில். ஞாயிறு தோறும் காலை ஆறு மணிக்குக் கிளப் பஸ் புறப்படும், இரவு எட்டுக்குத் திரும்பும். பஸ்ஸில் பெற்றோருக்கு இடமில்லை. அடியில் அம்மாவின் கையெழுத்து முன்னாடியே விழுந்திருந்தது. பக்கத்தில் இன்னொரு கோடு காலியாக இருந்தது.

அவர் இரண்டு தரம் படித்தார். நிமிர்ந்தபோது மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு கயிற்றுப் பக்கம் திரும்பும் அதே பார்வை. இப்போது இவர் உதட்டைச் சுழித்தால் போதும், வேண்டாம்ப்பா என்று தாளைக் கிழித்துவிடுவாள். அதுவும் அவருக்குத் தெரிந்தது.

"என் மூஞ்சியப் பாக்காதம்மா," என்றார். "ரோட்டப் பாரு. உனக்கு என்ன தோணுது, அதச் சொல்லு."

மகள் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான் ஆனது.

"போறேம்ப்பா."

ஸ்டியரிங் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஆறு மணிக்கு அவளை அம்மா வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். இறங்கும்போது, அடுத்த ஞாயிறு சீக்கிரம் எழுந்திரு, ஏழுக்கு வந்துவிடுவேன் என்று நாலு வருஷமாகச் சொல்லும் வாக்கியம் தானாக வாய்க்கு வந்தது. சீக்கிரம் எழுந்திரு என்பதோடு நிறுத்திக்கொண்டார்.