என் கையைத் தன் கையோடு கட்டிக்கொண்டு தூங்கியவள்

அம்மனை நம்பியிருக்கும் சொந்தங்களே, என் பெயர் விஜயா. ஊர் கிளியனூர் பக்கம். போன வருஷம் ஆனி மாதம் என் வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கமில்லை. செத்தால் தேவலை என்றிருந்தது. லாரி ஓட்டும் என் மகன் விழுப்புரத்தில் மனநல டாக்டரிடம் காட்டினான். மாத்திரையில் மனசு கொஞ்சம் தெளிந்தது. தூக்கத்துக்கென்று கார்த்திகையில் இன்னொரு மாத்திரை சேர்த்தார்கள்.

அதற்கப்புறம் வீட்டில் என்னென்னவோ நடந்தது. காலையில் எழுந்தால் குழம்புச் சட்டி காலி. ஒரு நாள் அடுப்பில் பால் கரிந்து கிடந்தது. என் சந்தேகம் மருமகள் சுமதி மேல். ஒலக்கூர்ப் பெண். அவர் போவதற்கு மூன்று மாதம் முன்பு, பங்குனியில்தான் கல்யாணமாகி வந்தாள். அவள் வந்த நேரம்தான் என் தாலி போனது என்று எனக்குள் ஒரு கசப்பு.

"திருட்டுத்தனமா துன்னுக்கினு இருக்கியா? உங்கூட்ல சோறே போடலியா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவள் தலை குனிந்துகொண்டு பாத்திரத்தைத் தேய்த்தாள்.

பிறகு திண்டிவனத்திலிருந்து என் தம்பி வந்தான். "நேத்து ராத்திரி போன்ல என்னக்கா அப்டி பேசன?" என்றான். நான் போன் செய்ததே எனக்கு ஞாபகமில்லை. மாரியம்மன் கோயிலில் போய் விழுந்தேன். "தாயே, என் புத்தியைப் பறிக்காதே. எனக்கொரு மகள் இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்வாளே" என்று அழுதேன்.

இரண்டு நாள் கழித்து, விடியும்போது கண் விழித்தேன். காலெல்லாம் சேறு. புடவையில் முள். என் மணிக்கட்டு ஒரு துப்பட்டாவால் சுமதியின் கையோடு கட்டியிருந்தது. கதவை அடைத்தபடி அவள் வெறுந்தரையில் படுத்திருந்தாள்.

எழுப்பிக் கேட்டேன்.

"தூக்கத்துல எழுந்து நடக்கறீங்க அத்த. கண்ணு தொறந்தேதான் இருக்கு. ராத்திரி பாண்டி ரோடு வரைக்கும் போய்ட்டீங்க. லாரி ஆரன் அடிச்சிக்கினே போச்சி. மெதுவா கையப் புடிச்சி கூட்டியாந்தேன்."

"அப்போ குழம்பு?"

"நீங்கதான் சாப்ட்டீங்க."

"ஏண்டி சொல்லல? எவ்ளோ திட்னேன்!"

"சொன்னா பயந்து ஒடஞ்சி பூடுவீங்கன்னு நெனச்சேன் அத்த."

பதினோரு நாளாக அவள் சரியாகத் தூங்கவே இல்லையாம்.

விஷயம் தெரிந்து தம்பி ஓடி வந்தான். செத்துப்போன மாமாதான் என்மேல் வந்திருக்கிறார், பேய் ஓட்டுபவரிடம் போகலாம் என்றான். அதுவரை அதிர்ந்து பேசாத சுமதி குறுக்கே வந்தாள்.

"வேணாம் சித்தப்பா. அந்தத் தூக்க மாத்திர வந்தப்புறம்தான் இதெல்லாம். எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கேன்."

காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம், நான் எப்போது எழுந்தேன், என்ன செய்தேன் என்று எல்லாமே இருந்தது. அன்றே விழுப்புரம் போனோம். டாக்டர் ஒவ்வொரு தாளாகப் படித்தார்.

"பேயும் இல்ல, பைத்தியமும் இல்லம்மா. இந்தத் தூக்க மாத்திர சில பேருக்கு இப்படிப் பண்ணும். இந்தப் பொண்ணு எழுதலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார். அந்த மாத்திரையை நிறுத்தினார். மற்றதைத் தொடரச் சொன்னார். அதோடு நடை நின்றது. மறதியும் போனது.

திரும்பும்போது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவள் கையைப் பிடித்து அழுதேன். "என்ன மன்னிச்சிடும்மா."

"பஸ்ஸு வந்துச்சி அத்த, ஜல்தியா ஏறுங்க" என்று என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

எட்டாவது படித்தவள். ஒரு புது மருமகளுக்கு இத்தனை பொறுமையும் இத்தனை புத்தியும் யார் கொடுத்தது? நான் மகள் கேட்டு அழும் முன்பே அம்மன் அவளை என் வீட்டில் விளக்கேற்ற வைத்துவிட்டாள். நான்தான் பார்க்கவில்லை. இந்த ஆடியில் எங்கள் வீட்டுக் கூழ்க்குடத்தை அவள் தலையில் ஏற்றி, பின்னால் நடந்தேன்.

சொந்தங்களே, மனசு நோவுக்கு மாத்திரை சாப்பிடுவது வெட்கமில்லை. நீங்களாக நிறுத்தாதீர்கள். ஏதாவது மாறுதலாகத் தெரிந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அம்மனிடமும் அழுங்கள். அவள் துணை அனுப்புவாள். ஒருவேளை அந்தத் துணை, நீங்கள் நேற்றுத் திட்டிய ஆளாகவே இருக்கலாம்.