மடியில் இருந்தவன்

கார்த்திகை ஒன்பது, செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது, விட்டுவிட்டுத் தூறல். ஆரணி பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஸ்டூடியோவில், அம்மாவின் மடியில் நான் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்தேன். நாங்கள் இருவரும் சேர்ந்திருக்கும் ஒரே படம். சட்டத்தில் ஆறு ஆணிகள். கழற்றியதும் பழைய பசையின் புளித்த வாசனை வந்தது.

அந்த வாசனையோடு அந்த நாளே வந்துவிட்டது. பத்து மாதக் குழந்தைக்கு நினைவிருக்குமா என்று சிரிக்காதீர்கள். பளிச்சென்று ஒரு வெளிச்சம், கறுப்புத் துணிக்குள் ஒரு ஆள், என் வயிற்றின் மேல் அம்மாவின் கை. கால்களைப் பிரிக்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

முப்பத்தொரு வருடம் பள்ளியில் சரித்திரம் நடத்தியவன் நான். பிள்ளைகளைப் பதினெட்டு முறை பக்கத்திலுள்ள திருமலைச் சமணக் குன்றுக்கு அழைத்துப்போய்க் கல்வெட்டைக் காட்டி, எழுத்து, பொருள், வாய்மொழி மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஒன்றை மட்டும் நம்பாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். என் படத்தை எதோடும் ஒப்பிட்டதில்லை.

கணினியில் படத்தைப் பெரிதாக்கிய பெண் கையை நிறுத்தினாள். "சார், கொழந்த கண்ண மூடிகினு இருக்குது. மேல தொறந்த கண்ண பிரஷ்ல வரைஞ்சிருக்காங்க."

படத்தின் பின்புறம் அப்பாவின் கையெழுத்து: ஜய வருஷம், ஆனி. நான் பிறந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து.

படத்தை வாங்கிக்கொண்டு சந்தவாசலுக்கு பஸ் ஏறினேன். அங்கே சித்தி இருக்கிறாள், அம்மாவின் தங்கை, வயது எண்பத்தாறு. படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"உங்க அண்ணன்டா. செத்த அன்னிக்கி எடுத்தது. இத்தினி வருசம் வாத்தியாரு, இது தெரியலியா உனுக்கு?"

எனக்கு ஓர் அண்ணன் இருந்ததே தெரியாது. "அம்மா நான்னுதானே சொன்னாங்க?"

"நாலு வயசுல நீதான் இது நானான்னு கேட்ட. அவ ஆமான்னுட்டா. அப்புறம் எப்பிடி மாத்திச் சொல்லுவா?"

பிறகு, நான் கேட்காமலே சொன்னாள்: "கால் கட்டவெரல் ரெண்டயும் சேத்துக் கட்டியிருந்தோம். தெரியக்கூடாதுன்னு முந்தானய இழுத்து மூடி எடுத்தாங்க."

கால்களைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடம்கூட. மெதுவாக விரல்களை அசைத்துப் பார்த்தேன். பத்தும் அசைந்தன.

வரைந்த கண்ணை அழித்துவிடவா என்று ஸ்டூடியோப் பெண் மறுநாள் கேட்டாள். இருக்கட்டும் என்றேன். அந்த வெளிச்சம் இப்போதும் வருகிறது, கறுப்புத் துணியும் வருகிறது. வயிற்றின் மேல் இருந்த அம்மாவின் கை மட்டும் அன்றிலிருந்து வருவதில்லை.

பிரிண்ட் 650, புதுச் சட்டம் 480, பஸ் போக வர 50. ஆக, ஆயிரத்து நூற்று எண்பது ரூபாய்.